எந்தக் கோளில் எத்தனை வயது?



வீட்டுக்கு விருந்தாளி யாராவது வந்தால் உங்களிடம் முதலில் என்ன கேட்பார்கள்? "என்ன படிக்கிறே? வயசு என்ன?" என்றுதானே? நீங்களும் எட்டு, பத்து, பதின்மூன்று என்று பட்டென்று சொல்லிவிடுவீர்கள்.

அதே கேள்வியை நான் கொஞ்சம் மாற்றிக் கேட்கிறேன். புதன் கோளில் உங்களுக்கு என்ன வயது? சனிக் கோளில் என்ன வயது?

சிரிக்காதீர்கள்! இதற்கும் சரியான விடை உண்டு. இந்தக் கணக்கை ஒரு முறை என் வகுப்பில் கரும்பலகையில் போட்டேன். ஏன் போட்டேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கணக்கைப் பார்ப்போம்.

வயது என்றால் என்ன? பூமி சூரியனை ஒரு முறை சுற்றிவர சுமார் 365¼ நாள்கள் ஆகின்றன. அதைத்தான் ஓர் ஆண்டு என்கிறோம். உங்களுக்குப் பத்து வயது என்றால், பூமி என்ற பெரிய வண்டியில் உட்கார்ந்து சூரியனைப் பத்து முறை வலம் வந்துவிட்டீர்கள் என்று பொருள். டிக்கெட் வாங்காத பயணம்!

மற்ற கோள்களும் சூரியனைச் சுற்றுகின்றன. ஆனால், எல்லாம் ஒரே நேரத்தில் சுற்றி முடிப்பதில்லை. ஏன் தெரியுமா? பெரிய கோயில் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உட்பிரகாரம் சின்னது. அதில் ஒரு சிறுவன் ஓடுகிறான். வெளிப்பிரகாரம் மிகப் பெரியது. அதில் ஒரு பாட்டி மெல்ல நடக்கிறார். பாட்டி ஒரு சுற்று முடிப்பதற்குள் சிறுவன் எத்தனை சுற்று சுற்றியிருப்பான்!

சூரியக் குடும்பத்திலும் இப்படித்தான். சூரியனுக்கு மிக அருகில் இருக்கும் புதனின் பாதை சிறியது. அதன் வேகமும் அதிகம். ஒரு விநாடிக்கு சுமார் 47 கிலோமீட்டர்! பூமி விநாடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் செல்கிறது. கடைசியில் இருக்கும் நெப்டியூனின் பாதையோ மிகப் பெரியது. வேகம் விநாடிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். தூரத்துக்கும் சுற்றும் காலத்துக்கும் உள்ள இந்தக் கணக்கைக் கண்டுபிடித்து, 1619ஆம் ஆண்டு புத்தகத்தில் வெளியிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த கெப்ளர் என்ற அறிஞர்.

இப்போது நோட்டையும் பேனாவையும் எடுங்கள். பத்து வயது நிறைந்த ஒருவர் வாழ்ந்த நாள்கள் எத்தனை? 10 x 365 = 3,650. நடுவில் வந்த லீப் வருடங்களுக்காக இரண்டு நாள் சேர்த்தால் 3,652. இதை ஒவ்வொரு கோளின் ஆண்டாலும் வகுக்க வேண்டும். அவ்வளவுதான்!

புதனின் ஆண்டு 88 நாள். அங்கே அவருக்கு 41 வயது முடிந்து 42 நடக்கும்!

வெள்ளியின் ஆண்டு 225 நாள். அங்கே 16 வயது. வெள்ளியில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது தன்னைத்தானே ஒரு முறை சுற்றிக்கொள்ள 243 நாள் ஆகிறது. அதற்குள் சூரியனையே ஒரு சுற்று சுற்றி முடித்துவிடும்!

செவ்வாயின் ஆண்டு 687 நாள். அங்கே வயது 5தான். எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளை!

வியாழனின் ஆண்டு 4,333 நாள். அதாவது, நம் கணக்கில் 12 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. பத்து வயதுப் பிள்ளைக்கு அங்கே முதல் பிறந்தநாளே வந்திருக்காது. கும்பகோணத்தில் மகாமகம் ஏன் 12 ஆண்டுக்கு ஒரு முறை வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? வானில் வியாழன் ஒரு சுற்று முடித்துச் சிம்ம ராசிக்குத் திரும்பி வருவதை வைத்துத்தான். 2004இல் வந்தது, 2016இல் வந்தது, அடுத்தது 2028இல்.

சனிக்கு ஒரு சுற்று முடிய சுமார் 29½ ஆண்டு. யுரேனஸுக்கு 84 ஆண்டு. நெப்டியூனுக்கு சுமார் 165 ஆண்டு.

யுரேனஸைக் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். இசைக் கலைஞராக இருந்த அவர், தானே தொலைநோக்கி செய்து வானத்தைப் பார்த்தவர். 1781இல் அந்தக் கோளைக் கண்டார். 1738 நவம்பரில் பிறந்த அவர், 1822 ஆகஸ்டில் மறைந்தார். 84 வயது நிறைய இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அதாவது, தான் கண்டுபிடித்த கோளின் கணக்கில் அவருக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை!

நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டது 1846இல். அதன்பிறகு அது தன் முதல் சுற்றை முடித்தது 2011இல்தான். 2006ஆம் ஆண்டு முதல் குறுங்கோள் என்று அழைக்கப்படும் புளூட்டோவை 1930இல் கண்டார்கள். ஒரு சுற்றுக்கு அதற்கு 248 ஆண்டு. அப்படியானால் அது முதல் சுற்றை முடிப்பது எந்த ஆண்டில்? கூட்டிப் பாருங்கள்.

உடனே உங்களில் ஒருவர் கேட்பீர்கள்: "சார், அப்படியானால் புதனுக்குப் போனால் சீக்கிரம் கிழவராகிவிடுவோமா? நெப்டியூனுக்குப் போனால் குழந்தையாகவே இருக்கலாமா?"

முடியாது, கண்ணுகளா! மாறுவது எண்ணிக்கை மட்டும்தான். ஒரே துணியை முழத்தால் அளந்தால் ஓர் எண் வரும். மீட்டரால் அளந்தால் வேறோர் எண் வரும். துணி நீளுமா, குறையுமா? உங்கள் உடம்பு வளர்வது கோளின் சுற்றைப் பார்த்து அல்ல. நீங்கள் வாழ்ந்த 3,652 நாள், எந்தக் கோளின் கணக்கில் பார்த்தாலும் அதே 3,652 நாள்தான்.

நம் முன்னோரும் வயதை இன்னோர் அளவுகோலால் அளந்திருக்கிறார்கள். 80 வயது தாண்டிய பெரியவர்களை 'ஆயிரம் பிறை கண்டவர்' என்பார்கள். ஒரு முழுநிலவிலிருந்து அடுத்த முழுநிலவுக்கு சுமார் 29½ நாள். ஆயிரம் நிலவு என்றால் 81 ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. பூமியின் கணக்கில் 81. நிலவின் கணக்கில் 1,000. பெரியவர் அதே பெரியவர்தான்!

சரி, கரும்பலகைக் கதைக்கு வருவோம்.

நான் ஆறாம் வகுப்பு ஆசிரியராக இருந்த காலம். பள்ளி திறந்த முதல் வாரம் புதிதாக ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். பதிவேட்டில் எழுதுவதற்காக, எல்லார் முன்னிலையிலும் "வயசு என்னப்பா?" என்று கேட்டேன். "பதின்மூன்று சார்" என்றான் மெதுவாக. மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் பதினொன்று. கடைசி பெஞ்சிலிருந்து யாரோ "தாத்தா!" என்றான். வகுப்பே சிரித்தது. அதுவே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. அதன்பிறகு அவன் யாரிடமும் பேசவே இல்லை. தனியே அழைத்துக் கேட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யாதது என் தவறு. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

சில நாள் கழித்து சூரியக் குடும்பம் பாடம் வந்தது. ஒவ்வொருவரும் தம் வயதை எல்லாக் கோள்களுக்கும் கணக்கிடச் சொன்னேன். "வியாழனில் ஒரு வயது நிறைந்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். யாரும் தூக்கவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கத்தினான்: "சார், இவனுக்கு மட்டும்தான் சார் ஒரு வயசு! எங்களுக்கெல்லாம் முதல் பிறந்தநாளே வரலை!" மறுபடியும் வகுப்பே சிரித்தது. இந்த முறை அவனும் சேர்ந்து சிரித்தான்.

பிறகு நாள் கணக்கை எழுதினேன். பதினொரு வயது என்றால் 4,018 நாள். பதின்மூன்று வயது என்றால் 4,748 நாள். வித்தியாசம் 730 நாள். "இந்த 730 நாள் நீ என்ன செய்தாய்? விருப்பமிருந்தால் சொல்லு, இல்லாவிட்டால் வேண்டாம்" என்றேன். அவன் எழுந்து நின்று சொன்னான். அம்மாவுக்கு நீண்ட நாள் உடம்பு சரியில்லையாம். தங்கை கைக்குழந்தை. அவளுக்குப் பால் ஆற்றிக் கொடுத்தான், அம்மாவுக்கு நேரம் தவறாமல் மாத்திரை கொடுத்தான், சோறு வடித்தான்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. "தாத்தா" என்று சொன்னானே, அவன்தான் முதலில் கேட்டான்: "டேய், உனக்கு நிஜமாவே சோறு வடிக்கத் தெரியுமா?" அன்று மதியம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்தப் பட்டப்பெயரை அதன்பிறகு நான் கேட்கவில்லை.

கண்மணிகளே, உங்கள் வகுப்பிலும் ஓரிரு வயது கூடுதலாக ஒருவர் இருக்கலாம். உடம்பு சரியில்லாமலோ, ஊர் மாறியோ, வீட்டுக் கஷ்டத்தாலோ, தேர்வில் தவறியோ ஓராண்டு பின்தங்கியிருக்கலாம். வயதைச் சொல்லி அவரைக் கேலி செய்யாதீர்கள். அந்த ஒருவர் நீங்களாகவே இருந்தால் தலை குனியாதீர்கள். பள்ளிக்கு வராத நாள்களும் நீங்கள் வாழ்ந்த நாள்கள்தான். சூரியனைச் சுற்றிய சுற்றுகளில் ஒன்றுகூட வீணாகவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு ஒரு வேலை. தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா எல்லாருடைய வயதையும் எட்டுக் கோள்களுக்கும் கணக்கிடுங்கள். பாட்டியிடம் போய், "சனியில் உனக்கு இரண்டு வயசுதான் பாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டியின் முகத்தில் வரும் சிரிப்புக்கு எந்தக் கோளிலும் வயது இல்லை!

அடுத்த வாரம் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார் தாத்தா