படம் பார்ப்பதும் ஒரு படிப்பா?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை நமது நண்பர் ஒருவர் மிகுந்த கோபத்துடன் வந்து சேர்ந்தார். கோபத்துக்குக் காரணம் அவருடைய புதல்வன். பையன் ஒரு கலாசாலையில் திரைப்படக் கலை பயில்கிறான். முதல் நாள் காலையில் வகுப்புக்குப் போனவன் இரவு பத்து மணிக்குத்தான் வீடு திரும்பினானாம். "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்டதற்கு, "படம் பார்த்தேன்" என்றானாம். "யாருடன்?" என்றதற்கு, "ஆசிரியருடன்" என்றானாம்!

"நாம் படித்த காலத்தில் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு ஸினிமாவுக்குப் போவோம். இப்போது ஸினிமாவுக்கு மட்டம் போட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்கிறாராம்! இதற்குச் சம்பளம் வேறு கட்டுகிறேன். படம் பார்ப்பதும் ஒரு படிப்பா, ஐயா?" என்று நண்பர் முழங்கினார். அடுத்த பருவத்துக்குப் பணம் கட்டப்போவதில்லை என்றும் தீர்மானமாகச் சொன்னார்.

நண்பரின் கேள்வியை அலட்சியம் செய்வதற்கில்லை. பல இல்லங்களில் பெற்றோர் வாய் திறந்து கேட்காமல் மனத்திற்குள் வைத்திருக்கும் கேள்விதான் அது. ஆகையால் நாமும் ஒரு கேள்வி கேட்டோம்: "கச்சேரியே கேளாமல் ஒருவன் பாட்டுக் கற்றுக்கொள்ள முடியுமா?"

"முடியாது. கேள்வி ஞானம் வேண்டாமா?" என்றார் நண்பர்.

சங்கீதத்துக்குக் கேள்வி ஞானம் எப்படியோ, திரைப்படக் கலைக்குக் காட்சி ஞானம் அப்படி. காமிராவைப் பிடிக்கும் விதத்தை ஆறு மாதத்தில் கற்றுக் கொடுத்துவிடலாம். எதற்காகப் பிடிக்கவேண்டும் என்பதை நூற்றுக்கணக்கான நல்ல படங்களைப் பார்த்துத்தான் அறியவேண்டும்.

புனா நகரில், பழைய பிரபாத் ஸ்டூடியோ இருந்த இடத்தில், 1960-ம் வருஷம் பாரத அரசாங்கத்தார் திரைப்படப் பயிற்சி நிலையத்தை ஆரம்பித்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1964-ல், தேசியத் திரைப்படக் காப்பகம் அதே நகரில் ஏற்பட்டது. அதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டு வளர்த்தவர் ஸ்ரீ பி. கே. நாயர். 1991-ல் ஓய்வு பெறும் வரையில் தேசமெங்கும் அலைந்து ஆயிரக்கணக்கான படங்களைத் தேடிச் சேர்த்தார். பால்கேயின் 'காளிய மர்த்தன்' (1919) இன்று நமக்குக் காணக் கிடைப்பது அவருடைய முயற்சியால்தான்.

சேர்த்ததைப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டு அவர் திருப்தியடையவில்லை. மாணாக்கர்களுக்குப் படங்களைத் திரையிட்டுக் காட்டினார். தாமும் இருட்டிலே அமர்ந்து நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதிக்கொண்டே பார்த்தார். 1960-களில் அந்த நிலையத்தில் பயின்றவர்களில் அடூர் கோபாலகிருஷ்ணன் ஒருவர். ஜான் ஆபிரகாம் மற்றொருவர். வங்காளத்து டைரக்டர் ரித்விக் கட்டக் அங்கே ஆசிரியராயிருந்த காலம் அது. அடூர் படிப்பை முடித்து ஊர் திரும்பியதும் படம் எடுப்பதற்கு முன்பாகவே, 1965-ல், திருவனந்தபுரத்தில் 'சித்ரலேகா' என்ற திரைப்படச் சங்கத்தை நண்பர்களுடன் தொடங்கினார். பார்ப்பதற்கு ஆள் இல்லாவிட்டால் எடுப்பதில் என்ன பயன் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஜான் ஆபிரகாமோ 1977-ல் நம் தமிழிலேயே 'அக்கிரகாரத்தில் கழுதை' என்ற படத்தைத் தந்தார்.

"இதெல்லாம் பெரிய மேதாவிகளுக்கு ஆயிற்று, சாமானியப் பிள்ளைகளுக்கு என்ன?" என்று நண்பர் மடக்கினார். கர்நாடகத்தில், சாகர் தாலுகாவில், ஹெக்கோடு என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே கே. வி. சுப்பண்ணா என்பவர் தம் 'நீநாசம்' சங்கத்தின் மூலம், உலகத்தின் சிறந்த படங்களைக் கிராமத்து ஜனங்களுக்குக் காட்டினார். புனாவிலிருந்து படச் சுருள்கள் அங்கே போயின. பாக்குத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவர்கள் ஸத்யஜித் ராயின் படத்தையும் ஜப்பானியப் படத்தையும் பார்த்து அபிப்பிராயம் சொன்னார்கள். சுப்பண்ணாவுக்கு 1991-ல் மாக்ஸேஸே பரிசு கிடைத்தது. கிராமத்து விவசாயிக்குச் சாத்தியமானது கலாசாலை மாணவனுக்குச் சாத்தியமாகாதா?

"சரி, பார்க்கட்டும். கைபேசியிலேயே பார்க்கலாமே! வீட்டில் இருந்தபடி, சோறு தின்றபடி" என்றார் நண்பர். இதுதான் அவருடைய கடைசி அஸ்திரம்.

பார்க்கலாம்தான். ஆனால் கைபேசியில் பார்ப்பவன் அலுப்புத் தட்டினால் விரலால் தள்ளிவிடுகிறான். டைரக்டர் எந்த மௌனத்துக்காக மாதக் கணக்கில் பாடுபட்டாரோ, அந்த மௌனந்தான் முதலில் தள்ளப்படுகிறது! இருண்ட மண்டபத்தில் அது நடவாது. பக்கத்தில் இருப்பவன் எங்கே சிரிக்கிறான், எங்கே மூச்சை அடக்குகிறான் என்பதும் அங்கே தெரிகிறது. நாளைக்குப் படம் எடுக்கப்போகிறவனுக்கு இதைவிட வேறு பாடம் என்ன வேண்டும்?

மற்றொரு விஷயமும் உண்டு. நம் தேசத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மௌனப் படங்கள் எடுக்கப்பட்டன. முழுமையாக மிஞ்சியவை மிகச் சிலவே. நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' போய்விட்டது. முதல் தமிழ்ப் பேசும் படமாகிய 'காளிதாஸ்' (1931) போய்விட்டது. எத்தனையோ சுருள்களை அவற்றிலுள்ள வெள்ளிக்காகவே உருக்கிவிட்டார்கள். எஞ்சியவற்றிலும் பல 2003-ல் புனாவில் நேர்ந்த தீயில் அழிந்தன. மறுபடி பார்க்க விரும்புகிறவர்கள் இருந்திருந்தால் இவற்றில் சிலவாவது தப்பியிருக்கும். பார்ப்பாரற்ற படம் பாதி அழிந்த படம். கலாசாலைத் திரையிடலுக்கு வரும் இருபது பேர்தான் பழைய படங்களின் காவலர்கள்.

கலாசாலை நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. பிரபல நட்சத்திரம் வருகிறார் என்றால் மண்டபம் நிரம்பி வழிகிறது. மாலை, பொன்னாடை, புகைப்படம் எல்லாம் அமர்க்களப்படுகின்றன. படம் காட்டும் அன்றோ மின்விசிறி கூட ஓடுவதில்லை! சொன்ன நேரத்தில் ஆரம்பியுங்கள். படத்தை முழுவதும் காட்டுங்கள். முடிந்த பின் அரை மணி நேரம் மாணாக்கர்களைப் பேச விடுங்கள்; ஆசிரியர் கடைசியில் பேசினால் போதும். வருஷத்தில் ஒரு தினமாவது பெற்றோர்களையும் அழையுங்கள்.

இந்தக் கடைசி யோசனை நமது சொந்த அநுபவத்தில் விளைந்தது. மறு வாரம் நண்பரை வற்புறுத்தி அந்தக் கலாசாலைக்கு அழைத்துச் சென்றோம். அன்று காட்டியது விட்டோரியோ டி ஸிகாவின் 'பைஸிகிள் தீவ்ஸ்', 1948-ல் வெளியான இத்தாலியப் படம். சைக்கிளைப் பறிகொடுத்த ஓர் ஏழைத் தகப்பனும் அவனுடைய சிறு பையனும் ரோமாபுரித் தெருக்களில் அதைத் தேடி அலைகிறார்கள். தகப்பனாக நடித்தவர் நடிகரே அல்ல. ஓர் ஆலைத் தொழிலாளி. முடிவில் மகன் கண்ணெதிரே தகப்பன் தலை குனிய நேர்கிறது. மகன் ஒன்றும் பேசாமல் அவன் கையைப் பற்றிக்கொள்கிறான்.

நண்பர் தம் புதல்வன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். படம் முடிந்ததும் விளக்குகளைப் போட்டார்கள். அவசரமாகத் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியில் அடுத்த பருவத்துப் பணத்தைப் பற்றி அவர் பேச்செடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து ஒரே ஒரு குறைதான் சொன்னார்:

"விளக்கைச் சற்றுத் தாமதமாகப் போட்டிருக்கலாம், ஐயா!"