மழையின் மேல் பழி

'வரண்ட வலயத்தில் மழை குறைவு. ஆகவே அங்கே உழவன் ஏழை.' இந்த வாக்கியத்தைப் பரீட்சைத் தாளில் எழுதும் மாணவன் மதிப்பெண் பெறுகிறான். மேடையில் பேசும் அமைச்சர் கைதட்டல் பெறுகிறார். ஆனால் இதைவிட வசதியான பொய் வேறில்லை. அந்தப் பொய் முழுவதும் 'ஆகவே' என்ற ஒரு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

நமது திருகோணமலையையே எடுத்துக்கொள்வோம். ஆண்டொன்றுக்கு இங்கே சராசரியாகச் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. இலண்டன் மாநகர் பெறும் மழையைப் போல் இது இருமடங்குக்கும் மேல். குறை அளவில் இல்லை, காலத்தில் இருக்கிறது. பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. தென்மேல் பருவக்காற்றோ தன் நீரையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் இறக்கிவிட்டு, நம் பக்கம் வரும்போது வெறுங்கையோடு, அனல் வீசும் கச்சானாக வருகிறது. வயல் வெடிக்கிறது, குளத்து நீர் ஆவியாகிறது. ஆகையால்தான் பெரும்போகம் மழையையும் சிறுபோகம் குளத்தையும் நம்பி நிற்கின்றன. நான்கு மாதத்து நீரைப் பன்னிரண்டு மாதத்துக்கு வைத்திருக்க வழி தேடு என்பதே புவியியல் நமக்குச் சொல்வது. அது மனிதனை நோக்கிய வினா. அவன்மேல் எழுதப்பட்ட தீர்ப்பு அன்று.

அந்த வினாவுக்கு நம் முன்னோர் விடை கண்டார்கள். கந்தளாய்க் குளம் அந்த விடை. அதைக் கட்டியவன் குளக்கோட்டன் என்கிறது கோணேசர் கல்வெட்டு. இரண்டாம் அக்கபோதி என்கிறது சூளவம்சம். எந்த அரசன், எந்த இனத்தவன் என்று இன்றும் அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். மண் சுமந்த தோள்களைப்பற்றி எவரும் வழக்காடுவதில்லை. அந்தத் தோள்களுக்கு மெய்க்கீர்த்தி பாடப் புலவன் இல்லை. ஆயினும் வானம் தராத மாதங்களில் நெல் விளையவைத்தவை அவையே.

பழியை இயற்கையின் மேல் போடும் வழக்கம் நம் நாட்டோடு நிற்பதன்று. ஆபிரிக்காவில் கடற்கரையே இல்லாத மலாவியைப் பாருங்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஒரே மழைக்காலம். மானாவாரிச் சோளமே மக்களின் உணவு. வெளிநாட்டு உரம் மொசாம்பிக்கின் பெய்ரா, நக்காலா முதலிய அயல்நாட்டுத் துறைமுகங்களில் இறங்கி, நெடுந்தூரம் தரைவழியே சென்று, ஒவ்வொரு மைலுக்கும் விலை ஏறி உழவனை அடைகிறது. 'கடல் இல்லை, ஆகவே வறுமை' என்று புள்ளிவிவரப் பண்டிதர்கள் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்டின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நன்னீர் ஏரி! ஏரியருகே வயல்கள் வானத்தைப் பார்த்துக் கிடப்பது யார் செய்த ஏற்பாடு? வெள்ளையர் ஆட்சியில் நல்ல நிலங்களைத் தோட்டத் துரைமார் வளைத்துக்கொண்டதும், 1964இல் விடுதலை பெற்ற பின்னும் புகையிலையே நாட்டின் முதன்மை ஏற்றுமதியாக நீடித்ததும் எந்தப் பருவக்காற்றின் வேலை?

கடல் இல்லாமை வறுமைக்குக் காரணமென்றால், கடல் உள்ளவனிடம் வளம் கொழிக்க வேண்டுமல்லவா? நம்மிடம் உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இருக்கிறது. பிரித்தானியர் தமது கடற்படைத் தளத்தை 1957இல் கையளித்துச் சென்றார்கள். நாட்டின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, வண்டலைச் சுமந்து வந்து நம் கொட்டியாரக் குடாவிலேதான் கடலில் கலக்கிறது. இவ்வளவும் இருந்து கண்ட பயன் என்ன? கோதுமை விளையாத நாட்டின் துறைமுகத்தில் 1980 முதல் பெரிய மா ஆலை ஒன்று இயங்குகிறது. கடல் கடந்த கோதுமை அங்கே கப்பல் கப்பலாக இறங்குகிறது. அதே மாவட்டத்தில் கந்தளாயிலும் மூதூரிலும் நெல் விளைவித்தவன், கடன்காரன் வாசலில் நிற்பதால், உலராத நெல்லை அறுவடைக் களத்திலேயே வந்த விலைக்குக் கொடுக்கிறான்.

மழை பொய்ப்பதே இல்லையென்று நாம் வாதிடவில்லை. 2016, 2017ஆம் ஆண்டுகளின் வறட்சி கொடிய உண்மை. ஆனால் உழவன் வீழ்ந்த மற்ற ஆண்டுகளையும் எண்ணிப் பாருங்கள். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள்; அணையைக் காப்பது மேகத்தின் கடமையா? 2006 ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாற்று மதகை மூடினார்கள். அரசு படையை ஏவியது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற மூவினத்து உழவரும் வயலைவிட்டு ஓடினார்கள். சம்பூரார் தம் நிலத்தை மீண்டும் காண 2015க்குப் பின்னரும் காத்திருக்க நேர்ந்தது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் தடைசெய்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள். அதற்குள் பெரும்போகம் பாழாயிற்று. இவற்றுள் எதை வானிலை அறிக்கை முன்னறிவித்திருக்க முடியும்?

இயற்கையை மாற்ற இயலாதவன்கூட உடைமை முறையை மாற்றலாம். 1958இன் நெற்காணிச் சட்டம் குத்தகை உழவனுக்கு நிலத்தில் உறுதிப்பாடும், பயிர்ச்செய்கைக் குழுவில் குரலும் தர முயன்றது. நிலவுடைமையாளர் அதை உள்ளேயும் வெளியேயும் எதிர்த்தார்கள். அது அரைகுறையாகவே நடைமுறைக்கு வந்தது. பின்னர் வேறு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. அந்தத் தோல்வியை எந்தப் புவியியல் நூலும் 'காலநிலைக் காரணிகள்' என்ற தலைப்பில் சேர்க்கவில்லை; சேர்க்கவும் முடியாது.

ஆசிரியத் தோழர்களே, மாணவர்களே! பருவக்காற்றையும் மண்வகையையும் நன்றாகக் கற்போம், கற்பிப்போம். ஆனால் வரைபடத்தில் நீலக்கோடு தீட்டியதோடு பாடத்தை நிறுத்தவேண்டாம். குளத்து நீர் முதலில் யார் வயலுக்குப் பாய்கிறது, கடைசி வாய்க்காலில் இருப்பவன் யார், நெல்லின் விலையை யார் நிர்ணயிக்கிறார் என்ற கேள்விகளையும் அதே வகுப்பில் எழுப்புவோம். குளங்களைத் தூர்வாரவும், களஞ்சியங்கள் கட்டவும், அறுவடைக் காலத்தில் நியாய விலைக்கு நெல் கொள்வனவு செய்யவும் அரசை வற்புறுத்துவோம். கச்சான் அடுத்த ஆண்டும் வீசத்தான் போகிறது. அது வரும்போது உழவன் இன்றுபோலவே வெறுங்கையனாய் நிற்கவேண்டுமென்று எந்த வானமும் விதிக்கவில்லை.