பாஸ் ஒட்டுப்போடுறவர் இல்லை

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். போன செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு ஒப்படைக் கட்டுரை எழுதினோம். கம்பளைப் பக்கம் ஒரு கராஜில் பழைய வானுக்கு ஹைப்ரிட் டேர்போ கட்டுகிற பாஸ் ஒருவரைப் பற்றியது. லெவி ஸ்ட்ராஸ், தெரிதா, கொஞ்சம் 'அடித்தள மக்கள் அறிவு', முடிவில் எதிர்ப்பு என்ற சொல் ஏழு தரம். ஏ கிடைத்தது. அந்தக் கட்டுரை பிழை. கலைப்பீடத்தில் எங்களைப் போலவே எழுதிக்கொண்டிருக்கிற மற்ற ஆக்களும் அதே பிழையைத்தான் விடுகிறார்கள் எண்டு சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

வான் எங்களில் ஒருத்தியின் அப்பாவுடையது. ஹற்றனில் காலமை பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி, மிச்ச நேரம் ஹயர் ஓடுகிற 'டொல்பின்'. 1989இல் வந்த ஹைஏஸ் வரிசை, 2446 சிசி டீசல், 2எல்-டி எஞ்சின். இந்த எஞ்சினைத் தெரிந்தவர்களுக்கு அதன் வியாதியும் தெரியும்: சூடு ஏறினால் ஹெட் வெடிக்கும். அவருடைய வானில் ஹெட்டும் வெடித்து, டேர்போவின் பெயரிங்கும் தேய்ந்து, ஒயில் குடிக்கத் தொடங்கியிருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. இந்த அஞ்சு வருசத்துக்குள் பழைய வான் வைத்திருந்தவனுக்கு 'வித்துப்போட்டு வேற எடுப்பம்' எண்ட பேச்சே கிடையாது. இருக்கிறதைத் திருத்து, இல்லையெண்டால் தொழிலை விடு.

ஹைப்ரிட் எண்டவுடன் பற்றரியில் ஓடுற கார் ஞாபகம் வரும். அது இல்லை. டேர்போவுக்கு இரண்டு பக்கம். புகைக்காற்று சுழற்றுகிற டேர்பைன் ஒரு பக்கம், எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளுகிற கொம்பிரசர் மற்றப் பக்கம், நடுவில் ஒரு தண்டு. ஒரு டேர்போவின் டேர்பைனோடு வேறொன்றின் கொம்பிரசர் வீலைச் சேர்த்து, அதற்கேற்ற மாதிரி ஹவுசிங்கை லேத்தில் கடைந்து எடுத்தால் அது ஹைப்ரிட். சொல்ல ஒரு வரி. ஆனால் அந்தத் தண்டு நிமிசத்துக்கு ஒரு லட்சம் தரத்துக்கு மேல் சுழலும். வீலுக்கும் ஹவுசிங்குக்கும் இடையில் இருப்பது மில்லிமீற்றரின் சில பத்தில் ஒரு பங்கு இடைவெளி. பலன்ஸ் கொஞ்சம் பிசகினாலும் வீல் ஹவுசிங்கில் உரசும், பிறகு உடைந்த துண்டுகள் எஞ்சினுக்குள் போகும்.

எங்கட கட்டுரையை உடைத்த விசயம் இதுதான். பாஸின் மேசையில் மூன்று கொம்பிரசர் வீல்கள் கிடந்தன. மூன்றும் அந்தத் தண்டில் ஏறும். மூன்றையும் அவர் வேண்டாம் எண்டார். ஒன்று சின்னன், மற்ற இரண்டும் பெரிசு.

"பெரிசு போட்டா நல்லது தானே?" எண்டு கேட்டோம்.

"இது கொழும்பு வான் இல்ல மகன். நுவரெலியா ஏறுற வான்" எண்டார்.

இதை விளங்க எங்களுக்கு இரண்டு பின்னேரம் பிடித்தது. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்குதான். அதே அமுக்கத்தைக் கொடுக்க டேர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டும். சின்ன வீல் ஏற்கனவே தன் எல்லையில் நிற்கிறது, மேலே போகப் போக எல்லை தாண்டும், தள்ளுகிற காற்றையும் சூடாக்கும். சூடு கூடினால் திரும்ப ஹெட்டுக்குத்தான் ஆபத்து. சரி, மிகப் பெரிசாகப் போடுவோம் எண்டால், றம்பொடைப் பெண்டுகளில் செக்கண்ட் கியருக்கு விழுந்து எஞ்சின் வேகம் குறைகிற நேரம் அதைச் சுழற்றப் போதிய புகைக்காற்று வராது. வான் மூச்சுவாங்கிக் கரும்புகை கக்கும். பிறகு எஞ்சின் காற்றைக் கேட்காத நேரத்தில் தள்ளி, தொண்டை கட்டின ஆள் மாதிரி இருமும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அளவு இருக்கிறது. அந்த அளவுள்ள வீல் பஞ்சிகாவத்தையிலிருந்து வர மூன்று கிழமை போனது. மூன்று கிழமையும் வான் நின்றது, ஹயர் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேறு வான் பிடித்துக் கொடுத்தார் அப்பா. பாஸ் அசையவில்லை.

இப்ப லெவி ஸ்ட்ராஸிடம் வருவோம். 1962இல் வந்த புத்தகத்தில் அவர் இரண்டு ஆளைப் பிரிக்கிறார். பொறியியலாளன் ஒரு திட்டத்தோடு தொடங்கி அதற்குத் தேவையான பொருளைத் தேடுகிறவன். 'பிரிகோலர்' கையில் கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறவன். நாங்கள் கராஜுக்குள் கால் வைத்தவுடனேயே, கிரீஸ் பிடிச்ச சாரத்தைக் கண்டவுடனேயே, பாஸை இரண்டாவது பெட்டிக்குள் போட்டுவிட்டோம். ஏன்? அவர் ஓ/எல் தாண்டாதவர் எண்டதாலா? கராஜ் தகரக் கூரை எண்டதாலா? கையில் கிடைத்த மூன்றையும் வேண்டாம் எண்டு தள்ளிவிட்டு, மனசில் இருந்த ஒரு அளவுக்காக மூன்று கிழமை காத்திருந்த மனிசன் அந்தப் பிரிவினையில் எந்தப் பக்கம்? பொறியியலாளன் எண்டவனே ஒரு கட்டுக்கதை, எல்லாரும் பிரிகோலர்தான் எண்டு 1966இல் தெரிதா சொன்னதை அடிக்குறிப்பில் போட்டுத் தப்பப் பார்த்தோம். நல்ல வாதம்தான். ஆனால் எல்லாரும் பிரிகோலர் எண்டு சொன்ன பிறகும், சான்றிதழ் உள்ளவனை அப்படிக் கூப்பிட ஒருத்தருக்கும் வாய் வராது. அந்தச் சொல் கடைசியில் தகரக் கூரைக்குக் கீழே மட்டும்தான் போய் நிற்கும்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கு. சமாளிப்பு எண்டு ஒன்றுக்குப் பெயர் வைத்துவிட்டால் அது பிழைக்க முடியாது. சமாளிப்புக்குச் சரி பிழை இல்லை, பாராட்டு மட்டும்தான். நாங்கள் பார்த்த கராஜ்கள் எல்லாம் இந்தப் பாஸின் கராஜ் போல இல்லை. பம்பில் டீசலைக் கூட்டிவிட்டு 'பவர்' எண்டு காசு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். டீசல் எஞ்சின் கரும்புகை விடுவது எரிபொருளுக்கு ஏற்ற காற்று இல்லாததால். புகையை வீரம் எண்டு நினைக்கிற பெடியளுக்கு அவர்கள் அதைத்தான் விற்கிறார்கள். பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் அதைக் குடிக்கிறான், ஆறு மாசத்தில் ஹெட் வெடிக்கிறது. இது பிழையான வேலை எண்டு சொல்ல எங்களுக்கு உரிமை வேண்டும். 'மக்கள் அறிவு' எண்டு மாலை போட்டுவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். பிள்ளைகள் ஏறுகிற வான் இது. சரியாகக் கட்டியவரையும் பிழையாகக் கட்டியவரையும் ஒரே சொல்லால் புகழுகிற கோட்பாடு எங்களுக்கு எதுக்கு?

எங்கட பாஸ் அமுக்கத்தை 12 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்ற மறுத்தார். அதையும் முதலில் பிரேக் முழுக்கச் செய்த பிறகுதான். "ஏறுறதுக்கு நான் பலம் குடுப்பன், இறங்கக்குள்ள யாரு பிடிக்கிறது?" எண்டு கேட்டார். அப்பா முகம் சுருங்கினது. பிரேக்குக்கும் காசு. ஆனாலும் கொடுத்தார். டீசல் பம்பைக் கடைசியாகத்தான் தொட்டார், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக, ஒவ்வொரு தரமும் ஏற்றத்தில் ஓடிப் பார்த்து, பின்னால் வருகிற புகையைக் கண்ணாடியில் பார்த்து. இப்ப வான் பதினாலு பேரோடு றம்பொடை ஏறுகிறது, புகை முந்தியதைவிடக் குறைவு.

அரசாங்கத்தின் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். தேசிய தொழிற்தகைமை எண்டு ஏழு மட்டங்கள் உள்ள ஒரு ஏணி இருக்கு. முன் அனுபவத்தை வைத்தும் அதில் ஏறலாம். எங்கட பாஸிடமும் ஒரு சான்றிதழ் இருக்கு, சுவரில், கலண்டருக்குப் பின்னால். மோட்டார் மெக்கானிக் எண்டு போட்டிருக்கு. பழுதுபார்ப்பவர் எண்டு அர்த்தம். ஒரு டேர்போவை இந்த மலைக்கு இந்த எஞ்சினுக்கு எண்டு கணக்குப் பார்த்து உருவாக்குவது பழுதுபார்த்தல் இல்லை. அந்த வேலையைக் கொண்டுபோய் அளந்து, சரியெண்டால் சரி, பிழையெண்டால் பிழை எண்டு எழுதித் தருகிற ஒரு இடம் வேண்டும். வீதியில் மறிக்கிறவருக்கு 'மொடிஃபை பண்ணின வான்' எண்ட ஒரே வகைதான் தெரியும். அந்த வகைக்குள் பிரேக்கைச் செய்தவனும் இருக்கிறான், செய்யாதவனும் இருக்கிறான். நாங்கள் கட்டுரையில் செய்ததும் இதேதான். அவர் தண்டம் எழுதுகிறார், நாங்கள் புகழ் எழுதினோம்.

கட்டுரையை அச்செடுத்து, ஒரு நன்றிக்கடனாக, பாஸிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிரிகோலர் எண்டால் என்ன எண்டு கேட்டார். கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறவர் எண்டு ஒருத்தன் சொன்னான். பாஸ் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எங்கட தோழியைப் பார்த்து, "அப்ப வாப்பாட வானுக்கு நான் ஒட்டுப்போட்டுக் குடுத்தன் எண்டா மகள் எழுதியிருக்கிறீங்க?" எண்டார். கோபமாக இல்லை. தேத்தண்ணியும் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருத்தரோடு ஒருத்தர் கதைக்கவில்லை.

அந்தக் கட்டுரையைத் துறையின் ஆண்டு மலருக்குத் தெரிவு செய்திருந்தார்கள். திருப்பி எடுக்கிறோம், புதுசாக ஒன்று எழுதித் தருகிறோம் எண்டு கடிதம் கொடுத்தோம். மலர் பக்க அமைப்புக்குப் போய்விட்டதாம், இனி மாற்றேலாதாம். வருகிற மாசம் வெளியீடு.