புகையிரதம் போகும் வரை

நாம் படிப்பிக்கும் கல்லூரியின் கீழ்ப்புற வகுப்பறைகளுக்கும் புகையிரதப் பாதைக்கும் இடையே ஒரு மதிலும் நாலைந்து வேப்ப மரங்களுமே உள்ளன. வண்டி வரும் ஓசை கேட்டதும் நாம் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிடுவோம். மாணாக்கர் பேனாவை வைத்துவிட்டுக் காத்திருப்பர். வண்டி போனபின், "எதிலே விட்டோம்?" என்று முன்வரிசைப் பையனைக் கேட்டுத் தொடர்வோம். இருபது ஆண்டுகளாக இதுவே வழக்கம். பாட நேரத்தில் மூன்று நான்கு வண்டிகள்தாமே என்று நாமும் அதைப் பொருட்படுத்தியதில்லை.

சென்ற கிழமை உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இப்படி நின்று நின்று படிப்பதால் எங்களுக்கு எவ்வளவு நட்டம் என்று யாராவது கணக்குப் பார்த்திருக்கிறார்களா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. நாம் சிரிக்கவில்லை. கணக்குப் பார்த்த அம்மையார் ஒருவரைப் பற்றி நாம் முன்பு படித்திருந்தோம். அன்று மணி அடித்துவிட்டதால் அவனுக்கு முழுவதும் சொல்ல முடியவில்லை. இக்கிழமை இப்பத்தியில் சொல்லிவிடுகிறோம்.

அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்தில், மன்ஹற்றன் தீவின் வட கோடியில் இன்வுட் என்றொரு பகுதி உண்டு. நகரின் நடுவே சுரங்கத்துக்குள் ஓடும் புகையிரதம் அங்கே வெளியே வந்து, இரும்புத் தூண்கள் தாங்கும் உயர்ந்த பாதையில் ஓடுகின்றது. அப்பாதையிலிருந்து 220 அடி தொலைவில் ஒரு பாடசாலை இருக்கின்றது. அந்நகரத்தார் தம் பாடசாலைகளுக்கு இலக்கமிட்டு அழைப்பவர்கள். இதன் பெயர் பொதுப் பாடசாலை 98. 1970களில் அங்கே நாலரை நிமிடத்துக்கு ஒரு முறை வண்டி சென்றது. ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் இரைச்சல்.

லேமன் கல்லூரியில் உளவியல் கற்பித்துவந்த ஆர்லீன் புரொன்ஸாவ்ற் என்னும் பேராசிரியையிடம் அவருடைய மாணவி ஒருத்தி இதனைச் சொன்னாள். அவளுடைய பிள்ளை அப்பாடசாலையிற் படித்தது. பெற்றோர் முறையிட்டு அலுத்து, இனி வழக்குத் தொடுப்போம் என்ற நிலைக்கு வந்திருந்தனர். சான்று இல்லாமல் வழக்கு நிற்காது என்று அறிந்த பேராசிரியை, அச்சான்றைத் தேடப் புறப்பட்டார்.

அவர் கையாண்ட முறை மிக எளியது. பாடசாலைக் கட்டடத்தின் ஒரு பக்கத்து வகுப்பறைகள் புகையிரதப் பாதையை நோக்கியிருந்தன. மறு பக்கத்தவை அமைதியாயிருந்தன. இரு பக்கத்திலும் அதே அயலைச் சேர்ந்த பிள்ளைகள், அதே பாடத்திட்டம். கெட்டிக்காரரை ஒரு புறமும் ஏனையோரை மறு புறமும் பிரித்து வைக்கும் வழக்கமும் அங்கே இருக்கவில்லை. ஆகவே இரு சாராரின் வாசிப்புத் தேர்வுப் புள்ளிகளையும் ஒப்பிட்டாற் போதும். ஒப்பிட்டார். சிறு வகுப்புகளில் இரைச்சற் பக்கத்துப் பிள்ளைகள் சில மாதங்கள் பின்தங்கியிருந்தனர். ஆறாம் வகுப்பை அடைந்தபோது அப்பின்னடைவு ஏறத்தாழ ஓராண்டாக வளர்ந்திருந்தது. இம்முடிவு 1975ஆம் ஆண்டில் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது.

நாலரை நிமிடத்துக்கு அரை நிமிடம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. நமது நாற்பது நிமிடப் பாடத்தில் அது ஏறத்தாழ நாலரை நிமிடம். ஆசிரியர் இழந்தது அவ்வளவுதான் என்று எண்ணலாம். ஆனால் பிள்ளை இழப்பது அதனினும் கூட. அறுந்த எண்ணத்தை மறுபடி பிடிக்க நேரமாகும்; சில வேளை அது பிடிபடாமலே போய்விடும். பழகிவிட்டால் காதில் விழாது என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. பழகுவது என்பது இரைச்சலை ஒதுக்கக் கற்பதுதான். அப்படி ஒதுக்கப் பழகும் பிள்ளை, இரைச்சலோடு ஆசிரியர் குரலையும் சேர்த்து ஒதுக்கிவிடுகிறதோ என்று ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். நமது கீழ்ப்புற வகுப்புப் பிள்ளைகளைக் கவனமற்றவர்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் நாம் சொன்னதுண்டு. அந்தச் சொல் இப்போது நெஞ்சை உறுத்துகின்றது.

ஒலியை அளக்கும் அலகு தெசிபெல். கணித மாணாக்கர் இதனைக் கவனிக்க வேண்டும். இவ்வளவை சாதாரணக் கூட்டலாக ஏறுவதன்று. பத்துத் தெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். காதுக்கோ அது இரு மடங்கு உரத்ததாகத் தோன்றும். பாடசாலை 98இன் அமைதிப் பக்கத்தில் 59 தெசிபெல் இருந்தபோது, வண்டி செல்கையில் மறு பக்கத்தில் 89 வரை ஏறியது. வேறுபாடு முப்பதுதானே என்று நினைக்கலாகாது. ஆற்றலில் அது ஆயிரம் மடங்கு.

இப்படி ஒரு கொடுமையை அந்த நகரம் ஏன் அதுவரை கண்டுகொள்ளவில்லை என்று கேட்கத் தோன்றும். வியப்பு யாதெனில், இரைச்சலோடு மல்லுக்கு நின்ற நகரங்களுள் நியூயோர்க் முன்னோடியானது. ஹட்ஸன் ஆற்றங்கரையில் மாளிகை கட்டி வாழ்ந்த ஜூலியா பார்னெற் ரைஸ் என்னும் சீமாட்டி, இழுவைப் படகுகளின் ஊதல் ஓசை பொறுக்காமல், சட்டக் கல்லூரி மாணவரைக் கரையில் அமர்த்தி ஓரிரவில் எத்தனை முறை ஊதுகிறார்கள் என்று எண்ணச் செய்தார். ஏறத்தாழ மூவாயிரம்! அவற்றிற் பெரும்பாலானவை படகோட்டிகள் தமக்குள் நலம் விசாரித்துக் கொண்டவைதாம் போலும். 1906இல் அவர் தேவையற்ற இரைச்சலை ஒழிக்கும் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டில் ஊதலைக் கட்டுப்படுத்தும் சட்டமும், வைத்தியசாலைகளைச் சூழ அமைதி வலயங்களும் வந்தன. சிறுவர்களும் அணிகளாகச் சேர்ந்து, வைத்தியசாலை அருகே சத்தமிடோம் என்று உறுதி கூறிச் சின்னம் அணிந்தனர்.

அடுத்த முயற்சி 1929இல் நிகழ்ந்தது. நகரின் சுகாதாரத் துறை இரைச்சல் குறைப்பு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. ஒலிமானி பூட்டிய லொறியொன்று 500 மைலுக்கு மேல் சுற்றி, 138 இடங்களில் அளவெடுத்தது. பத்திரிகைகளில் வினாப்பத்திரம் வெளியிட்டு மக்களைக் கேட்டபோது 11,068 பேர் விடை எழுதியனுப்பினர். அவர்களுடைய முறைப்பாடுகளில் முதலிடம் பெற்றது வீதிப் போக்குவரத்து. ஓர் ஊரின் இரைச்சலை இப்படி முறையாக அளந்து படமாக்கியது அதுவரை கேட்டிராத செயல். ஆயினும் பயன்? கடை வாசலில் வானொலியை அலறவிடுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்ற விதி 1930இல் வந்தது. (நமது நாட்டிலும் ஒலிபெருக்கிக்குப் பொலீஸ் அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அவ்வனுமதி வழங்கலாகாது என்று 2007இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். பரீட்சைக் காலத்தில் அதை நினைவூட்டப் போய்ப் பகை தேடிக்கொண்டவர்களும் நம்மிடையே உண்டு.) பொருளாதார மந்தம் வந்தது. ஆணைக்குழு கலைந்தது. உயர்பாதைப் புகையிரதம் முன்போலவே ஓடியது.

வானொலிக் கடைக்காரனை அடக்குவது எளிது, அவன் ஒருவன். புகையிரதத்தையோ நெடுஞ்சாலையையோ யார் அடக்குவது? அது நகரமே தனக்குச் செய்துகொள்ளும் இரைச்சல். அதற்குப் பொலீசாரும் தண்டப் பணமும் உதவா. அளந்து வைத்த எண்ணும் தனியே உதவாது என்பதை 1929 காட்டியது. 89 தெசிபெல் என்றால் எந்த அதிகாரிக்கு உறைக்கும்? "ஆறாம் வகுப்புப் பிள்ளை ஓராண்டு பின்தங்கிவிட்டது" என்றால் உறைக்கும். புரொன்ஸாவ்ற் அம்மையார் செய்த பெரிய காரியம் இதுவென்றே நாம் கருதுகிறோம்.

அவர் கட்டுரையோடு நின்றுவிடவுமில்லை. போக்குவரத்து அதிகாரசபையின் வாயிலில் ஏறி இறங்கினார். தண்டவாளத்துக்கும் அதன் கீழுள்ள சிலிப்பர் கட்டைக்கும் இடையே இறப்பர் மெத்தை வைத்தால் அதிர்வு குறையும் என்பதை அச்சபை அப்போது பரீட்சித்துப் பார்க்க எண்ணியிருந்தது. அப்பரீட்சையைப் பாடசாலை அருகே செய்ய இணங்கியது. கல்விச் சபை தன் பங்குக்கு, இரைச்சல் மிக்க வகுப்பறைகளில் ஒலியை உறிஞ்சும் உட்கூரைகளை அமைத்தது. குறைந்தது சில தெசிபெல்களே. ஆயினும் மூன்று தெசிபெல் குறைந்தாலே ஆற்றல் பாதியாகும் என்பதை மறந்துவிடலாகாது. 1981இல் அவர் மீண்டும் புள்ளிகளை எடுத்துப் பார்த்தார். இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அளவில் வாசித்தனர். பாடசாலையை இடம் மாற்றவில்லை, புகையிரதத்தை நிறுத்தவில்லை, ஆசிரியர்களையும் மாற்றவில்லை.

இதற்கிடையே 1972இல் நகரம் முழுமையான இரைச்சற் சட்டமொன்றை இயற்றியிருந்தது. 2007 முதல் அதன் புதிய வடிவம் நடைமுறைக்கு வந்தது. அதிலே ஐஸ்கிறீம் வண்டி நிற்கும்போது இசை ஒலிக்கலாகாது, நாய் பகலில் பத்து நிமிடத்துக்கு மேலும் இரவில் ஐந்து நிமிடத்துக்கு மேலும் விடாது குரைக்கலாகாது என்றெல்லாம் உண்டு. படிப்போர் சிரிப்பர். நாய் கடிகாரம் பார்த்தா குரைக்கும்? ஆனால் எது குற்றம் என்பதை ஒவ்வொரு பொலீஸ்காரரின் மனப்போக்குக்கும் விட்டுவிடாமல் நிமிடத்தில் வரையறுத்ததை நாம் குறை கூறமாட்டோம். கட்டட வேலை தொடங்குபவர், இன்ன பொறியை இன்ன தடுப்போடு இயக்குவேன் என்று முன்கூட்டியே இரைச்சற் குறைப்புத் திட்டம் எழுதிவைக்க வேண்டும் என்ற விதியே அதில் நமக்கு மிகவும் பிடித்தது.

திட்டமிடல் என்பது இவ்விடத்திற்றான் தொடங்குகின்றது. இரைச்சல் மிக்க பெருவீதியருகே புதிதாக வீடுகள் எழுமாயின், உள்ளே 45 தெசிபெல்லுக்கு மேற்படாதவாறு சுவரும் யன்னலும் அமையவேண்டும் என்று அந்நகரம் பல இடங்களில் நிபந்தனை விதிக்கின்றது. யன்னலைச் சாத்தினாற் காற்று எங்கே? அதற்கும் வேறு வழி அமைத்துக் காட்டினால்தான் அனுமதி கிடைக்கும். பழைய வீடுகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை என்பது உண்மை. 2003இல் தொடங்கிய 311 என்னும் தொலைபேசி முறைப்பாட்டுச் சேவையில் இரைச்சலே ஆண்டுதோறும் முன்னணியில் நிற்கின்றது. கட்டி முடித்தபின் அமைதியைத் தேடுவது எவ்வளவு கடினம் என்பதை அந்நகரத்தாரே அறிவர்.

இவற்றையெல்லாம் திங்கட்கிழமை அம்மாணவனிடம் சொன்னோம். அமைதியாகக் கேட்டான். மறுநாள் கைக்கடிகாரத்தோடு வந்து, வண்டியின் ஓசை கேட்ட கணம் முதல் நாம் விட்ட வாக்கியத்தை மறுபடி தொடங்கும் கணம் வரை விநாடிகளைக் குறித்துக்கொண்டான். கடைசி மணி அடித்ததும் கரும்பலகையின் மூலையில் எழுதினான்: "செவ்வாய் — மூன்று வண்டிகள், 4 நிமிடம் 10 விநாடி." மேற்புற வகுப்பறையிலிருக்கும் தன் தோழனையும் வாசிப்புப் புள்ளிகளைச் சேகரிக்கச் சொல்லியிருக்கிறானாம். கரும்பலகையை அழிக்கும் பணியாளரிடம், அந்த மூலையை மட்டும் விட்டுவிடும்படி நாம் சொல்லிவைத்திருக்கிறோம்.