ஒரு சப்தத்தின் பூர்வோத்தரம்

பழைய இசைத்தட்டு ஒன்றில் விநோதமான மின்னிசைச் சப்தம் காதில் விழுந்ததும், அது எந்த யந்திரத்தில் பிறந்தது என்று கேட்பதும், யந்திரத்தின் பெயர் கிடைத்துவிட்டால் விசாரணை பூர்த்தியாயிற்றெனத் திருப்தியடைவதும் இக்காலத்து ரசிகர்களின் சுபாவமாகிவிட்டன. பெயரை அறிவது பயனுள்ளதே. ஆயினும் சப்தம் உண்டான விதத்தை விளக்க அது போதாது என்பதே என் அபிப்பிராயம்.

1977-ஆம் ஆண்டில் டோனா சம்மர் பாடி, ஜியார்ஜியோ மொரோடரும் பீட் பெலாட்டும் தயாரித்து வெளியிட்ட 'ஐ ஃபீல் லவ்' என்னும் பாடலையே எடுத்துக்கொள்வோம். மியூனிக் நகரத்து மியூசிக்லேண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், இசையமைப்பாளர் எபர்ஹார்ட் ஷோனருக்குச் சொந்தமான பெரிய மோக் மாடுலர் சிந்தசைசரைக் கொண்டு அது உருவாயிற்று. பாட்டு நெடுகிலும் ஓயாமல் ஓடும் அடிநாதத்தைக் கேட்பவர், அதன் ஸ்வரங்கள் யாவற்றையும், அமைத்துவைத்த வரிசையைத் தானே இயக்கும் கருவியாகிய சீக்வென்ஸரே வாசித்தது என்றுதான் எண்ணுவார். ஆனால் ஸ்டீரியோவில் வலப்புறத்தை அடக்கிவிட்டு இடப்புறத்தை மட்டும் கேட்டால், அந்த ஓட்டம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. யந்திரம் எழுப்பிய ஸ்வரம் ஒரு பக்கத்திலும், அதையே கணப்பொழுது தாமதித்துத் திருப்பிச் சொல்லும் எதிரொலி மறுபக்கத்திலும் வைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று புகுந்து, இரட்டித்த வேகமாக நம் செவியை நிறைக்கின்றன.

தாளத்தின் கதையும் இத்தகையதே. சலசலக்கும் ஹை-ஹாட் ஒலியை மோக்கின் இரைச்சலைச் செதுக்கி உண்டாக்க முடிந்தது. பெரிய முரசுக்குரிய கனத்தை மட்டும் அந்த யந்திரத்தால் தர இயலாமற்போகவே, கீத் ஃபோர்சி என்னும் வாத்தியக்காரர் அதை நேரிலேயே வாசித்தார். மேலும், மோக்கின் சுருதி விரைவில் விலகிவிடும் இயல்புடையதாதலால், சிறிது நேரம் பதிவு செய்வதும், நிறுத்திச் சுருதி சேர்ப்பதும், மீண்டும் தொடர்வதுமாக வேலை நடந்தது. அவ்வாறு துண்டுதுண்டாக எடுத்தவை இம்மியும் பிசகாமல் பொருந்தும்பொருட்டு, ஒலிநாடாவின் ஒரு தடத்தில் துடிப்பைப் பதிந்து, அதற்கு யந்திரத்தைக் கட்டுப்படுத்தும் உபாயத்தைச் செய்து காட்டியவர் ஷோனரின் உதவியாளர் ராபி வீடல். மோக் என்ற ஒற்றைப் பெயர் இவற்றுள் எதையாவது நமக்குச் சொல்லுமா?

சில சமயங்களில் அப்பெயரே தவறாகிவிடுவதும் உண்டு. 'தி ஹூ' குழுவினர் 1971-இல் வெளியிட்ட 'பாபா ஓ'ரைலி' என்னும் பாட்டின் தொடக்கத்தில் சுழலும் ஒலியைச் சிந்தசைசர் என்றே பலர் நெடுங்காலம் நம்பினர். அது, அழுத்திய ஸ்வரத்தைத் தானே விட்டுவிட்டு ஒலிக்கச் செய்யும் வசதி படைத்த லௌரி என்னும் வீட்டு ஆர்கன். அதே இசைத்தட்டின் கடைசிப் பாட்டில் அவ்வித ஆர்கனின் நாதத்தை வி.சி.எஸ். 3 சிந்தசைசரினூடே செலுத்தி வடித்திருக்கிறார்கள். அங்கே ஆர்கன் என்பதும் பாதி உண்மை, சிந்தசைசர் என்பதும் பாதி உண்மை.

ஆகையால், பழைய பதிவுகளை மெருகேற்றி மறுபடியும் விற்கும் நிறுவனங்கள், புதிய புகைப்படங்களையும் புகழுரைகளையும் அச்சிடுவதோடு நின்றுவிடாமல், எந்தத் தடத்தில் என்ன பதிவாயிற்று, எந்த ஒலி எதன் வழியே சென்றது, அதை அமைத்த தொழில் நிபுணர் யார் என்பவற்றையும் வெளியிடக் கடமைப்பட்டிருக்கின்றன. அக்காலத்து நிபுணர்களில் இன்றும் நம்மிடையே இருப்பவர்கள் முதுமையை எய்திவிட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் காரியத்தை ஒத்திப்போட இனி அவகாசமில்லை.