சோதனைச் சாலை முயலுக்கும் சுகம் வேண்டும்!

1885-ம் ஆண்டு. வெறிநாய் கடித்த 9 வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டரைப் பாரிஸ் நகரில் லூயி பாஸ்டரிடம் அழைத்து வந்தார்கள். பாஸ்டர் கண்டுபிடித்த மருந்து அவனுக்கு ஊசி மூலம் ஏற்றப்பட்டது. பையன் பிழைத்தான். அந்த மருந்து எதிலிருந்து தயாரானது தெரியுமா? வெறிநோய் கண்ட முயலின் முதுகுத் தண்டிலிருந்து!

அன்று முதல் மனிதர்கள் முயலுக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது?

பயந்தால் சூடு ஏறும்

நரம்பில் ஏற்றும் மருந்தில் கிருமிகளின் நஞ்சு சிறிது கலந்திருந்தாலும் நோயாளிக்குக் காய்ச்சல் வரும். அதை முன்கூட்டியே அறிய, 3 முயல்களின் காது நரம்பில் மருந்தை ஏற்றுவார்கள். 3 மணி நேரம் உடல் சூட்டை அளப்பார்கள். நெடுங்காலமாகக் கையாண்டு வந்த முறை இது.

ஆனால் முயல் பயந்த பிராணி. பயந்தாலே அதன் உடல் சூடு ஏறிவிடும்! அப்போது நல்ல மருந்தும் கெட்ட மருந்து போலத் தோன்றும். ஆகவே முயலின் நிம்மதி ஜீவகாருண்யம் மட்டுமல்ல. நமக்கு வரும் மருந்தைப் பற்றிய விஷயமும் ஆகும்.

முயலுக்கு என்ன வேண்டும்?

"எலி வளையானாலும் தனி வளை" என்பார்கள். முயலுக்கு அது பொருந்தாது. ஐரோப்பாவில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும் காட்டு முயலின் வழி வந்ததுதான் சோதனைச் சாலை முயல். அதைச் சிறிய கம்பிக் கூண்டில் தனியாக அடைத்தால் கம்பியைக் கடிக்கும். தன் மயிரையே மெல்லும். தாவ இடமில்லாததால் எலும்பும் வலுவிழக்கும்.

இதை மாற்ற 2010-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் செய்தது. 3 முதல் 5 கிலோ எடையுள்ள முயலின் கூண்டுக்கு நாலரைச் சதுர அடி தரையும் ஒன்றரை அடி உயரமும் வேண்டும். ஏறி உட்கார ஒரு மேடை வேண்டும். அதன் அடியில் பதுங்கவும் முடிய வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்பவை. ஆகவே மெல்ல உலர்ந்த புல், கடிக்கக் குச்சி முதலியவை வேண்டும். குட்டிகளையும் பெண் முயல்களையும் கூட்டமாக வளர்க்க வேண்டும்.

இதிலும் சிரமம் உண்டு. வளர்ந்த ஆண் முயல்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறும். அவற்றை ஒரே கூண்டில் விட முடியாது. பெரிய கூண்டுக்கு இடமும் பணமும் வேண்டும். ஆயினும் நடுங்கும் முயலிடம் செய்த சோதனை வீணாவதைவிட இந்தச் செலவு மேல் அல்லவா?

முயலே வேண்டாத நாள்

1959-ல் ரஸ்ஸல், பர்ச் என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் ஒரு நூலில் மூன்று வழிகள் சொன்னார்கள். முடிந்தால் பிராணியே இல்லாமல் சோதனை செய். முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை. அதற்குப் பிறகும் தேவைப்படும் பிராணிக்குத் துன்பத்தைக் குறை.

முதல் வழியும் இப்போது திறந்திருக்கிறது. மனித இரத்த அணுக்களைக் கொண்டே காய்ச்சல் நஞ்சைக் கண்டறியும் முறை வந்துவிட்டது. முயல் காய்ச்சல் சோதனையைக் கைவிட ஐரோப்பிய மருந்துத் தரக் குழு 2024-ல் முடிவு செய்தது.

ஆனாலும் வேறு ஆராய்ச்சிகளுக்கு முயல் இன்னும் தேவைப்படுகிறது. அந்தத் தேவை தீரும் வரை அதற்கு ஒரு பிடி புல்லும், பதுங்க ஓர் இடமும், கூட ஒரு துணையும் கொடுப்போம். நாம் பட்ட கடனுக்கு இது வட்டி மட்டுமே!