காய்ச்சலின் பெயர் யாது?

ஊரில் ஒருவர் நோயுற்றுப் படுத்தாரெனில், "என்ன காய்ச்சலாம்?" என்பதே நாம் முதலிற் கேட்கும் கேள்வி. நம் பழந்தமிழ் வைத்தியர் இக்கேள்வியைப் பெரிதாக மதித்தே சுரத்தை அறுபத்துநான்காக வகுத்துரைத்தனர். நாடியும் நாவும் கண்ணும் நோக்கி வகுத்த வகை அது. இன்று அக்கேள்விக்கு விடை கூறும் பொறுப்பு ஆய்வுகூடத்தின் மேலது. 2024-ஆம் ஆண்டின் இறுதி தொட்டு 2025-ஆம் ஆண்டிலும், ஏறக்குறையப் பதினாறு ஆண்டுகளின் பின், சிக்குன்குனியா இலங்கையிற் பெருமளவிற் பரவியது. டெங்கோ நம்மை விட்டு நீங்கியதே இல்லை. இரண்டையும் காவித் திரிவன ஏடிஸ் இன நுளம்புகளே. இரண்டும் கடுங்காய்ச்சல், தலையிடி, உடலுளைவு என ஒரே கோலத்திலேயே தொடங்குகின்றன. ஆகவே, வந்த காய்ச்சல் இன்னதெனப் பிரித்தறிதல் நம் காலத்துப் பெரும் பிரச்சினைகளுள் ஒன்றாயிற்று.

பெயரினால் ஆவதென்ன?

"டெங்குக்கும் தனி மருந்து இல்லை, சிக்குன்குனியாவுக்கும் தனி மருந்து இல்லை, பெயரை அறிந்து ஆவதென்ன?" என வினவுவார் உளர். வினா நியாயமானது. விடையைச் சிறிது விரித்தே சொல்லல் வேண்டும்.

சிக்குன்குனியா என்பது கிழக்காபிரிக்காவில் மக்கொண்டே மக்கள் வழங்கும் மொழியிற் பிறந்த சொல். வளைந்து கூனிப்போதல் என்னும் பொருளது. 1952, 1953-ஆம் ஆண்டுகளில் இன்றைய தன்சானியாவின் தென்பகுதியில் அந்நோய் பரவியபோது, மூட்டு நோவினால் மக்கள் நிமிர மாட்டாது நடந்தமையின் அப்பெயர் எய்தியது. அத்தகைய நோவு கண்டவர் நோவடக்கும் மாத்திரையை நாடுவது இயல்பே. ஆனால் வந்தது டெங்காயின், அஸ்பிரின், இபுபுரோபன், டைகுளோபெனக் முதலிய மருந்துகள் குருதிப்பெருக்கை உண்டாக்கி உயிருக்கே ஊறு செய்யக்கூடும். டெங்கில் மற்றொரு வஞ்சகமும் உண்டு. காய்ச்சல் தணியும் நாளே பலருக்கு அபாயம் தொடங்கும் நாள். குருதியின் நீர்ப்பகுதி நாளங்களினின்று கசிந்து வெளியேறும் நேரம் அதுவே. "காய்ச்சல் விட்டது, பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம்" எனத் தாய் மகிழும் வேளையில் வைத்தியர் விழிப்பாக இருத்தல் வேண்டும். மருந்து இல்லையாயினும், உட்செலுத்தும் நீரின் அளவும் காலமும் அறிந்து பேணுதலே டெங்கு நோயாளரைக் காக்கும் மருந்தாகின்றது.

நுளம்பினால் வாராத காய்ச்சலும் இவற்றோடு கலந்து வருதல் உண்டு. 2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழையின் பின், டிசம்பரில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சிலர் காய்ச்சலினால் மாண்டனர். இன்ன காய்ச்சலென்று அறியாது மக்கள் கலங்கினர். ஆராய்ந்தபோது அது எலிக்காய்ச்சல் எனத் தெரிந்தது. எலிக்காய்ச்சலைத் தருவது பற்றீரியா. காலத்தோடு கொடுத்தால் நுண்ணுயிர்கொல்லி மருந்துக்கு அடங்குவது. பெயர் தெரியாத ஒவ்வொரு நாளும் அங்கே உயிருக்கு விலையாயிற்று. பெயரினால் ஆவது யாதென்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

எழுத்தறிந்து இனங்காணல்

டெங்குக் கிருமியின் உள்ளே இருப்பது ஆர்.என்.ஏ. என்னும் ஓர் இழை. நான்கே எழுத்துக்களால், ஏறக்குறைய 10,700 எழுத்து நீளத்துக்கு எழுதப்பட்ட ஏடு அது எனலாம். சிக்குன்குனியாவின் ஏடு இன்னும் சற்று நீண்டது, ஏறக்குறைய 11,800 எழுத்துக்கள். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள் வரை இவ்வேடு நோயாளரின் குருதியிற் கிடைக்கும். அதன் பின் உடலே கிருமியை அழித்துவிட, அதனை எதிர்த்துத் தோன்றிய பிறபொருளெதிரிகளே எஞ்சி நிற்கும். அவற்றைக் கொண்டு நோயை உணரலாமாயினும், உறவுடைய கிருமிகளுள் ஒன்றன் பிறபொருளெதிரி மற்றொன்றுக்கும் இசைந்து காட்டும். டெங்கையும் சிக்கா வைரசையும் அவ்வழியால் வேறுபடுத்துதல் அரிது. ஏட்டையே படித்தால் அம்மயக்கம் இல்லை.

ஆயின் ஒரு துளிக் குருதியிலுள்ள ஏடுகள் மிகச் சில. அவற்றைப் படிக்கத்தக்க அளவுக்குப் பெருக்குதல் வேண்டும். ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.யாகப் பெயர்த்தெழுதும் நொதியத்தை 1970-ஆம் ஆண்டில் டெமின், பால்டிமோர் என்னும் இருவர் தனித்தனியே கண்டனர். டி.என்.ஏ.யின் வேண்டிய பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிக்கும் வழியை 1983-ஆம் ஆண்டில் கேரி மல்லிஸ் வகுத்தார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, முப்பது முறை இரட்டித்தால் ஒன்று 107 கோடியைக் கடக்கும். இவ்விரு வழியையும் இணைத்ததே பி.சி.ஆர். என இன்று வழங்கும் பரிசோதனை. தேடும் கிருமியின் எழுத்துத்தொடரோடு பொருந்தும் சிறு துண்டொன்றை இட்டால், அக்கிருமி குருதியில் இருந்தாலன்றிப் பெருக்கம் நிகழாது.

டெங்கிலே நான்கு வகை உண்டு. 1992-ஆம் ஆண்டில் லான்சியொற்றி முதலியோர் வெளியிட்ட முறை இவ்வகைகளைப் பிரித்தது. முதலாம் வகையாயின் 482 எழுத்தும், இரண்டாம் வகையாயின் 119 எழுத்தும், மூன்றாம் வகையாயின் 290 எழுத்தும், நான்காம் வகையாயின் 392 எழுத்தும் கொண்ட துண்டு பெருகி வரும். துண்டின் நீளமே வகையின் பெயரைச் சொல்லிவிடும். இப்போது அதனினும் விரைவான முறைகள் வழக்கில் உள்ளன, அடிப்படை ஒன்றே.

பாடபேதமும் கிருமியின் குலமும்

வகையை அறிவதோடு நில்லாது ஏடு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்கும் ஆற்றலும் இன்று வந்துள்ளது. இதனைத் தமிழ் படித்தோர்க்கு விளக்குதல் எளிது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887-ஆம் ஆண்டிற் கலித்தொகையைப் பதிப்பித்தது போன்ற பணிகளில், பல ஊர் ஏடுகளைத் தேடி ஒப்புநோக்க வேண்டியிருந்தது. ஏடெழுதுவோன் ஓரிடத்திற் பிழைபட எழுதினால், அவ்வேட்டைப் பார்த்து எழுதிய ஏடுகள் எல்லாவற்றிலும் அப்பிழை வரும். ஆகவே ஒரே பிழையைக் கொண்ட ஏடுகள் ஒரே மூலத்தின் வழிவந்தன எனத் துணியலாம். கிருமியின் குலமுறை காண்போர் செய்வதும் இதுவே. தன்னைத் தானே பெயர்த்தெழுதும் இவ்வகைக் கிருமிகளிடத்துப் பிழை திருத்துவோன் இல்லை. ஆதலின் பாடபேதங்கள் மலிகின்றன. அவற்றைக் கொண்டு எந்நாட்டிலிருந்து எவ்வழியாக வந்ததென்று உய்த்துணரலாம்.

ஒரே ஓர் எழுத்து மாறினால் விளைவது யாது என்பதற்கு இந்து சமுத்திரமே சாட்சி. 2004-ஆம் ஆண்டிற் கென்யாவின் கரையோரத்திற் கிளம்பிய சிக்குன்குனியா, கொமொரோஸ் தீவுகளைக் கடந்து, 2005, 2006-ஆம் ஆண்டுகளில் றியூனியன் தீவில் மூவரில் ஒருவரைப் பற்றியது. அங்கே எடுத்த கிருமிகளைப் படித்தோர், அதன் மேலுறைப் புரதமொன்றின் 226-ஆம் இடத்தில் அமினோவமிலம் ஒன்று மாறியிருக்கக் கண்டனர். அம்மாற்றம் ஏடிஸ் அல்போபிக்டஸ் நுளம்பினுள்ளே கிருமி எளிதிற் பெருக வழி செய்தது. தோட்டந்துரவுகளில் வாழும் நுளம்பு அது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நோய் நம் நாட்டையும் வந்தடைந்தது. அண்மையில் மீண்டு வந்த கிருமியை ஆராய்ந்த ஸ்ரீ ஜயவர்த்தனபுர பல்கலைக்கழகத்தாரும், அது அவ்விந்து சமுத்திரக் கிளையைச் சேர்ந்ததே எனக் கண்டுள்ளனர்.

2017 கற்பித்தது

டெங்கின் வகையை அறிவதன் பயனை நமக்கு உணர்த்திய ஆண்டு 2017. அவ்வாண்டில் இந்நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். முந்திய சில ஆண்டுகளில் அருகியே காணப்பட்ட இரண்டாம் வகை அப்போது மேலோங்கியிருந்தது. ஒருவகை டெங்கு வந்தவர்க்கு அவ்வகையினின்று நெடுங்காலப் பாதுகாப்பு உண்டு. பிற வகையினின்று இல்லை. அன்றியும், வேறு வகை இரண்டாம் முறை பற்றும்போது நோய் கடுமையாதல் மிகுதி. பழகாத வகை ஊருக்குள் நுழையும்போது பெரும் பரவல் நேர்வதன் காரணம் இதுவாம். 2019-ஆம் ஆண்டில் மூன்றாம் வகை தலையெடுத்தபோதும் நோயாளர் தொகை இலட்சத்தைத் தாண்டியது.

2016-ஆம் ஆண்டிலேயே இரண்டாம் வகை பெருகத் தொடங்கியதை ஆய்வுகூடங்கள் கண்டன. அஃது ஓர் அறிகுறி. அவ்வறிகுறி ஆய்வுத்தாளில் நின்றதேயன்றி வீட்டுமுற்றத்துக்கு வந்ததா? 2017 மே மாதத்து வெள்ளமும் அகற்றப்படாத குப்பையும் நுளம்புக்குத் தொட்டில் கட்டின. அறிவு முன்னே சென்றும் துடைப்பம் பின்னே நின்றது.

செய்யத்தக்கவை என நான் எண்ணுவன மூன்று. காய்ச்சற்காரர் எல்லார்க்கும் இப்பரிசோதனை வேண்டா. அதன் செலவு பெரிது. ஆனால் வடக்கு, கிழக்கு, மலையகம் உட்பட எல்லா மாகாணங்களிலும் தெரிந்தெடுத்த வைத்தியசாலைகளில், பரவல் இல்லாத காலத்திலும், சிலருடைய குருதியைத் தவறாது ஆராய்தல் வேண்டும். இரண்டாவது, மக்கள் காய்ச்சலின் முதல் நாட்களிலேயே வைத்தியரிடம் செல்லுதல் வேண்டும். ஆறாம் நாள் சென்றாற் குருதியில் ஏடு கிடைப்பது அரிது. மூன்றாவது, கண்டறிந்த வகை இன்னது, அதனால் வரக்கூடியது இன்னது என்பதைப் பிரதேச சபைக்கும் பாடசாலைக்கும் தெளிந்த தமிழில் உடனே அறிவித்தல் வேண்டும்.

"வைரஸ் காய்ச்சல்" என்று எழுதிக் கொடுத்த துண்டோடு வீடு திரும்புவோர் பலர். அது பெயரன்று; பெயர் தெரியாது என்பதற்கு இட்ட மறுபெயர். அத்துண்டைக் கண்டு ஆறுதலடையாது, "நான் எப்போது மீண்டும் வரவேண்டும்? எக்குறி கண்டால் ஓடி வரவேண்டும்?" என்று கேட்கும் துணிவை நம் மாணவர்க்கேனும் ஊட்டுவோமாக. மாரி தொடங்குமுன் பீலியையும் பூச்சாடியையும் சிரட்டையையும் அவர்களே பார்த்துக்கொள்வர்.